மிதந்த மிளகு

ஸக்கரியா சேர் எதையாவது தூக்கி நான் பார்த்ததில்லை. ஆனால் எந்தப் பொருளைக் காட்டினாலும் அதன் நிறை என்ன, திணிவு என்ன, அடர்த்தி என்ன என்று அரை மணி நேரம் பேசுவார். எங்கள் ஊர் யட்டவத்தைக்குப் போகிற பாதையில் ஓர் ஏற்றத்தில் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கினால் எல்லோரும் ஏதோ ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். சேர் மட்டும் கையை வீசிக்கொண்டு ஏறுவார். அவருடைய அரிசிப் பை வேறு யாருடைய தலையிலாவது வரும். தூக்கி வருகிறவன் "பாரம் சேர்" என்று மூச்சு வாங்கினால், "பாரம் எண்டு செல்லாதே, நிறை எண்டு செல்லு. பூமி ஒன்ட பைய இழுக்கிற விசைதான் நிறை" என்று திருத்துவார். பையை வாங்கிக்கொள்ள மாட்டார்.

இருபத்தாறு வருடம் விஞ்ஞானம் படிப்பித்து, மூன்று வருடத்துக்கு முன்னால் பென்ஷன் எடுத்தவர். அந்த இருபத்தாறு வருடத்தையும் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு ஓட்டினார். ஒரு கிலோ இரும்பு, ஒரு கிலோ பஞ்சு, எது கூடப் பாரம்? எவனாவது இரும்பு என்று சொல்லிவிட்டால் சேருக்கு அன்றைக்குப் பெருநாள். பத்தாம் வகுப்பில் என்னையும் அந்தக் கேள்விக்காகப் பிள்ளைகள் உட்காருகிற வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தினார். இரண்டுக்கும் ஒரே திணிவு, அதாவது உள்ளே இருக்கிற பொருள் ஒரே அளவு, பஞ்சுக்கு அடர்த்தி குறைவு, அதனால் அது கூட இடம் பிடிக்கும், விஷயம் அவ்வளவுதான். இதை இரண்டு வசனத்தில் சொல்லியிருந்தால் எனக்கும் விளங்கியிருக்கும். ஆனால் எனக்கு விளங்குவது அவருக்குத் தேவைப்படவில்லை. நான் வாங்கின் மேல் நிற்பதுதான் தேவைப்பட்டது.

பென்ஷன் எடுத்த பிறகு வகுப்பு இல்லாமல் போனது. ஊரே வகுப்பானது. இறைச்சிக் கடை அஸ்ஹர் நானா தராசைக் காட்டி, "அரைக் கிலோ நிறை சரி சேர்" என்று சொன்னால் போதும். "கிலோ எண்டது நிறை இல்ல, திணிவு. நிறைய நியூட்டன்லதான் செல்ற. நீங்க இப்ப தந்தது கிட்டத்தட்ட அஞ்சு நியூட்டன்." அஸ்ஹர் நானா கத்தியைத் துடைத்துக்கொண்டே, "எலும்போடயா சேர்?" என்று கேட்டார். சேருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருடைய மாமனார் மௌத்தாகி, அடக்கக் கொண்டு போன அன்றும் இப்படித்தான். மையவாடிக்குப் போகிற வழி செங்குத்தானது. சந்தூக்கைத் தோளில் வைத்தவர்கள் இருபது அடிக்கு ஒரு முறை தோள் மாற்றிக்கொண்டிருந்தார்கள். மருமகன் பக்கத்தில் நடந்துகொண்டு, உயிர் போனால் உடம்பு பாரமாகும் என்பது மூடநம்பிக்கை என்றும், மனிதன் பூமியில் இருந்தாலும் சந்திரனில் இருந்தாலும் திணிவு ஒன்றுதான், நிறைதான் அங்கே ஆறில் ஒன்றாகும் என்றும் விளக்கிக்கொண்டு வந்தார். யாரோ ஒருவர், "அப்ப சந்திரனுக்கே கொண்டு போவம் சேர், எங்களுக்கும் லேசு" என்றார். ஜனாஸா என்று பார்க்காமல் நாலு பேர் சிரித்தார்கள்.

அவர் சொன்னதில் எதுவும் பிழையில்லை. அதுதான் கொடுமை. எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி சரி. சரியானதைச் சொல்கிற மனிதனை வாயை மூடச் சொல்ல ஒரு நல்ல காரணம் வேண்டும், எங்கள் ஊரில் யாரிடமும் அது இருக்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் மிளகுச் சங்கம் லீட்டர் தகரத்தைக் கொடுத்தது. சங்கத்தில் முப்பத்தெட்டுக் குடும்பம். தலைவர் அப்துல் ஸமத் ஹாஜியார், ஊரிலேயே பெரிய மிளகுத் தோட்டமும் சின்ன யோசனையும் உள்ளவர். செயலாளர் ஹஸீப், அதாவது நான். சந்தியில் சின்னக் கடை வைத்திருக்கிறேன், கையெழுத்து அழகு, அதற்காகவே செயலாளராக்கினார்கள். கொழும்பிலிருந்து வந்து எங்கள் மிளகை எடுக்கிற வியாபாரி ஒரு நிபந்தனை வைத்திருந்தார். ஒரு லீட்டர் தகரத்தில் மிளகை நிரப்பி, விளிம்போடு மட்டம் தட்டி, தராசில் வைத்தால் ஐந்நூறு கிராமுக்குக் குறையக் கூடாது. நன்றாக முற்றிய மிளகு உள்ளே கெட்டியாக இருக்கும், தகரம் கனக்கும். பிஞ்சில் பறித்த மிளகு காய்ந்தால் உள்ளே வெறும் கூடு, அதே தகரம் அதே அளவு நிறைந்திருக்கும், ஆனால் கனக்காது. எங்கள் பெண்கள் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் குலுக்கிப் பார்த்தே இதைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் சங்கம் என்றால் ஒரு பரிசோதகர் வேண்டுமே. சேர் தனக்குத்தானே "தரப் பரிசோதகர்" என்று ஒரு ரப்பர் முத்திரை அடித்துக்கொண்டு வந்தார்.

ஒரு தகரம் நிரப்ப அவருக்குப் பத்து நிமிடம். குலுக்கினால் மணிகள் நெருங்கி உட்கார்ந்து தகரம் கூடக் கொள்ளும், குலுக்கக் கூடாது என்பார். உயரத்திலிருந்து கொட்டினாலும் அப்படியே, கொட்டக் கூடாது என்பார். அதுவும் சரிதான். வெளியே முப்பது பேர் மூட்டையோடு வெயிலில் நிற்பார்கள்.

போன போகத்தில் ஒரு அவமானம் நடந்தது. வியாபாரி எங்கள் மிளகில் ஆறு மூட்டையைத் திருப்பி அனுப்பினார், பப்பாசி விதை கலந்திருக்கிறதாம். காய்ந்த பப்பாசி விதையும் கறுப்பு, சுருக்கம் விழுந்தது, தூரத்திலிருந்து பார்த்தால் மிளகு மாதிரியே இருக்கும். யார் கலந்தது என்று கடைசி வரை தெரியவில்லை. ஹாஜியார் மட்டும் கண்டுபிடித்தே தீருவேன் என்று நெஞ்சில் அடித்துச் சத்தியம் செய்தார். அப்போதுதான் சேர் ஒரு தண்ணீர் வாளியைக் கொண்டுவந்து லீட்டர் தகரத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மிளகு தண்ணிய விட அடர்த்தி கூட, அதனால தாழும். பப்பாசி விதை அடர்த்தி குறைவு, அதனால மிதக்கும். இனி ஒருத்தரும் என்னய ஏமாத்தேலா."

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. அளவை நிறுவையில் கள்ளம் செய்தவர் பெயரை ஜும்ஆ முடிந்ததும் பள்ளி ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். அடிக்க மாட்டார்கள், அபராதம் இல்லை, பெயரை வாசிப்பது மட்டும்தான். என் நினைவில் ஒரே ஒரு முறை வாசித்தார்கள். தராசுத் தட்டுக்கு அடியில் கல் ஒட்டி வைத்திருந்த மீன்காரர் ஒருவர். அடுத்த மாதமே ஊரை விட்டு நாலந்தாப் பக்கம் குடும்பத்தோடு போய்விட்டார். பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவருடைய மகன் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது பந்தியில் பக்கத்தில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க அந்தக் கல்லுக்காரர்ட மகன் தானே?"

போன மாசி மாதம் ஒரு புதன்கிழமை, பீபி தாத்தா இரண்டு உரப்பை மிளகோடு சங்கக் கொட்டகைக்கு வந்தார். தாத்தா என்று நாங்கள் மூத்த சகோதரியைச் சொல்வோம். எனக்கு அவர் உறவில்லை, ஊர் முறையில் தாத்தா. ஐம்பது வயது. கணவர் மௌத்தாகி எட்டு வருடம். அரை ஏக்கர் மிளகை ஒற்றை ஆளாகப் பார்க்கிறார், ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு மரத்துக்கு மரம் போவார். மகள் றுஸைனா பள்ளி மதரஸாவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறாள்.

சேர் தகரத்தை நிரப்பினார், மட்டம் தட்டினார், தராசில் வைத்தார். நானூற்றிருபது கிராம். நியாயப்படி, இது காணாது தாத்தா, திருப்பிக் கொண்டு போங்க என்று சொல்லி அதோடு விட்டிருக்க வேண்டும். சேர் அதோடு விடுகிற ஆளா? ஒரு தகரம் மிளகை வாளியில் கொட்டினார். பாதிக்கு மேல் மேலே வந்து மிதந்தது. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். அவருடைய முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் ஒரு முறை வாங்கின் மேல் நின்றுகொண்டு பார்த்திருக்கிறேன்.

"மிதக்கிறது மிளகில்ல. பப்பாசி."

பீபி தாத்தாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரித்தார். பிறகு யாரும் சிரிக்கவில்லை என்று கண்டார்.

"சேர், இது பிஞ்சு மிளகு. பக்கத்துத் தோட்டத்துல கள்ளன் பூந்து ஒரே நாள்ல எல்லாத்தயும் உருவிட்டுப் போன. நான் பயத்துல ஒன்றர மாசம் முந்திப் பறிச்சேன். உள்ளுக்குப் பருப்பு கட்டல்ல. மிதக்கத்தான் செய்யும்."

"ஒரு பொருளுக்கு ஒரு அடர்த்திதான் பீபி. இரும்பு எங்க போனாலும் இரும்பு."

இதே மனிதர் கரும்பலகையில் இரும்புக் கப்பல் வரைந்து, உள்ளே வெற்றிடம் இருப்பதால் கப்பல் மிதக்கிறது என்று இருபத்தாறு வருடம் படிப்பித்தவர். கப்பலுக்கு உள்ளே காற்று இருக்கலாமாம், பீபி தாத்தாவின் மிளகுக்குள்ளே இருக்கக் கூடாதாம். அவருக்குக் கப்பல் தெரியும், அதைப் புத்தகத்தில் பார்த்திருக்கிறார். மிளகைத்தான் தெரியாது.

"பீபிட வாசல்ல மூணு பப்பாசி மரம் ஈக்கு" என்றார் ஹாஜியார், பெரிய துப்புக் கிடைத்தது போல.

"ஒங்கட வாசல்ல நாலு ஈக்கு ஹாஜியார்" என்றார் பீபி தாத்தா.

அந்தக் கொட்டகையில் இருபது பேருக்கு மேல் இருந்தோம். எல்லோரும் மிளகைத் தின்று, மிளகில் உருண்டு, மிளகு விற்ற காசில் உடுப்புப் போட்டு வளர்ந்தவர்கள். பிஞ்சு மிளகு மிதக்கும் என்று தெரியாதவர் ஒருவரும் இல்லை. ஒருவராவது குனிந்து வாளியிலிருந்து ஒரு மணியை எடுத்துப் பார்த்தார்களா? இல்லை. சேர் அடர்த்தி என்று சொல்லிவிட்டார் அல்லவா. அடர்த்தி என்ற சொல்லுக்கு முன்னால் முப்பது நாற்பது வருட அனுபவமெல்லாம் கைகட்டி நின்றது. இப்படி ஒரு மந்தையை நான் எங்கேயும் கண்டதில்லை.

நான் எடுத்தேன். வாளியைக் கொட்டகையின் பின்பக்கம் வைக்கச் சொன்னார்கள், கொண்டு போகிற வழியில் மிதந்த மணிகளில் இரண்டை எடுத்து வாயில் போட்டுக் கடித்தேன். பப்பாசி விதை என்றால் லேசாகக் கசக்கும். இது நாக்கைச் சுட்டது, காது வரைக்கும் ஏறியது. பிஞ்சு மிளகுக்குத்தான் உறைப்புக் கூட. துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்தேன். அறிக்கைப் புத்தகத்தில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: பீபியின் மிளகில் பப்பாசி விதை கலப்படம் இருப்பது விஞ்ஞான முறைப்படி நிரூபிக்கப்பட்டது, வெள்ளிக்கிழமை பெயர் வாசிக்கப்படும். சேர் முத்திரை குத்தினார். மிதந்ததையெல்லாம் வடித்துக் காய வைத்து ஒரு பையில் போட்டு, சாட்சி என்று என்னிடம் தந்தார்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். நாற்பத்தொரு வயதாகிறது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சேர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஹஸீப், ஒனக்கு இரும்புக்கும் பஞ்சுக்குமே வித்தியாசம் தெரியாதே" என்று இருபது பேர் முன்னால் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அவ்வளவுதான். இதைவிடக் கேவலமான காரணம் ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை காலையில் பீபி தாத்தா கடைக்கு வந்தார். சாமான் எதுவும் கேட்கவில்லை.

"தம்பி, றுஸைனாகிட்ட ஓத வார இருபத்திரெண்டு புள்ளையில இன்டைக்கு ஒம்பது பேர்தான் வந்திருக்கு. நாளைக்குப் பேர வாசிச்சா அந்த ஒம்பதும் வராது. அவ எங்க போனாலும் கள்ளிட மகள்தான். நீங்க ஹாஜியார்கிட்ட ஒரு வார்த்த செல்லுங்க. இன்னொரு தரம் பாக்கச் செல்லுங்க."

"சேர் செல்லிட்டாரே தாத்தா. விஞ்ஞானத்த நான் எப்படி மாத்துற?"

இதை நான்தான் சொன்னேன். அடுத்த வீட்டுக்காரர் யாரும் சொன்னதல்ல. "அந்தப் பைய நாளைக்குப் பள்ளிக்குக் கொண்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பீபி தாத்தா போனார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தது. வழக்கமாகத் தொழுகை முடிந்த மறு நிமிடமே செருப்பைத் தேடி ஓடுகிற எங்கள் ஆண்கள் அன்றைக்கு ஒருவரும் ஓடவில்லை. புரியாணி ஆறினாலும் பரவாயில்லை, அடுத்த வீட்டுக்காரியின் மானம் போவதைப் பார்க்க வேண்டும். பள்ளி முற்றத்தில் மேசை, மேசையில் மைக்கும் பையும் அறிக்கைப் புத்தகத்திலிருந்து கிழித்த என் தாளும். சேர் வெள்ளை ஜுப்பா போட்டு மணமகன் மாதிரி வந்திருந்தார். அப்போது பீபி தாத்தா பள்ளி வாசலில் வந்து நின்றார். எங்கள் ஊரில் பெண்கள் ஜும்ஆ நேரத்தில் அந்தப் பக்கம் வருவதில்லை. உள்ளே வரவில்லை, படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சேர், ஒரு கேள்வி கேக்கலாமா?"

கேள்வி என்றால் சேருக்கு விருந்து. "கேளுங்க."

"அந்தப் பையில ஈக்கிறது பப்பாசி தானே?"

"நூற்றுக்கு நூறு."

"மிளகு ஒண்டுகூட இல்லயே?"

"மிளகெல்லாம் வாளிக்கு அடியில தாழ்ந்திட்டு. இது முழுசும் பப்பாசி."

"அப்ப ஒரு பிடி வாயில போட்டுக் காட்டுங்க. பப்பாசி விதை வயித்துக்கு நல்லம்."

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேர் பொய்க்காரர் இல்லை. அவர் அதை உண்மையிலேயே நம்பினார். ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் பையில் கையை விட்டு, ஒரு பிடி அள்ளி, வாய் நிறையப் போட்டு மென்றார்.

முதல் கடியில் ஒன்றும் இல்லை. இரண்டாவது கடியில் தாடை நின்றது. முகம் சிவந்து பிறகு கறுத்தது. கண் இரண்டும் நிறைந்து நீர் தாடிக்குள் ஓடியது. மூக்கு ஒழுகியது. துப்பினால் தோல்வி, விழுங்கினால் நெருப்பு. விழுங்கினார். பிறகு இருமினார், குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஜுப்பாவெல்லாம் எச்சில் தெறிக்க, நெஞ்சு கிழிகிற மாதிரி இருமினார். இருமி முடித்து நிமிர்ந்தார். கண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

"உறைப்பில்ல" என்றார்.

குரல் தவளைக் குரலாக வந்தது. ஒருவர் சிரிப்பார், ஒருவர் சிரித்தால் எல்லோரும் சிரிப்பார்கள், அதோடு முடியும் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஹாஜியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சேர் உறைப்பில்ல எண்டுதானே செல்றார்" என்றார். இரண்டு மூன்று தலைகள் ஆடின. அழுதுகொண்டு நிற்கிற மனிதனைக் கண்ணால் கண்டும், அவர் வாயால் சொன்னதைத்தான் நம்பப் போகிறார்கள். ஹாஜியார் தாளை எடுத்து என் கையில் தந்தார். "வாசிங்க ஹஸீப்" என்றார்.

மைக் என் வாய்க்கு நேரே இருந்தது. தாளில் என் கையெழுத்து.

"இது மிளகு" என்றேன். ஒலிபெருக்கி அதை ஊர் முழுதும் சொன்னது. "நான் புதன்கிழமையே ரெண்டக் கடிச்சுப் பாத்தேன். மிளகுதான்."

சொன்ன பிறகு நெஞ்சு நிமிர்ந்தது. பெரிய காரியம் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். பீபி தாத்தா கையெடுத்துக் கும்பிடாவிட்டாலும் ஒரு நல்ல வார்த்தையாவது சொல்வார் என்று படலைப் பக்கம் திரும்பினேன்.

"புதன்கிழமயா?" என்று கேட்டார்.

"ஓ தாத்தா."

"நான் வியாழக்கிழம ஒங்கட கடைக்கு வந்தேனே தம்பி."

மைக் திறந்தபடி இருந்தது. அவருடைய குரலும் அதில் விழுந்தது, கொஞ்சம் தூரத்திலிருந்து. சேர் தூணைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். பீபி தாத்தா அவரை ஒரு முறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அந்த மனிசனுக்குத் தெரியா. தெரியாம செஞ்சார். நீங்க தெரிஞ்சு செஞ்சீங்க."

ஹாஜியார் பாய்ந்து மைக்கை நிறுத்தினார். அன்றைக்கு யாருடைய பெயரும் வாசிக்கப்படவில்லை. கள்ளர்ட பேர வாசிக்கத்தான் வழக்கம் ஈக்கு, கள்ளரில்ல எண்டு வாசிக்க வழக்கமில்ல என்று ஹாஜியார் முடித்துவிட்டார். கூட்டம் செருப்பைத் தேடத் தொடங்கியது. பீபி தாத்தா பாதையில் இறங்கிப் போய்விட்டார். சேர் பள்ளிக் குழாயடியில் குந்தி வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று நான் பத்தாம் வகுப்பிலிருந்து காத்திருந்தேன். சிரிப்பு வரவில்லை.